சொந்தக் காரில் வாடகைச் சவாரி

உத்தரவாதம் முடிந்த பதினோராம் நாள் மயில்சாமியின் தானாக ஓடும் மின்சாரக் காரில் பேட்டரி படுத்துவிட்டது. புது பேட்டரிக்குக் கம்பெனி சொன்ன விலையில் இன்னொரு காரே வாங்கியிருக்கலாம். “நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம். வண்டியே வாடகைக்கு ஓடிப் பேட்டரிக் கடனை அடைச்சுக்கும்” என்றார்கள். அவரும் கைரேகை வைத்தார். அன்றிலிருந்து அவருடைய கார், ஓட்ட ஆள் இல்லாமலே ஈரோடு முழுக்கச் சவாரி போகிறது.

மனைவி கோகிலாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகத்தான் அதை வாங்கினார். இப்போது அதற்கு வாடகைக் கார் பிடிக்கிறார்.

இன்று வாசலில் வந்து நின்றது அவர்களுடைய கார்தான்.

“ஏனுங்க, நம்ம வண்டிங்க!” கோகிலாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கார் வாங்கிய அன்று பூஜை போட்டு அவள் முன்னால் ஒட்டிவைத்த பித்தளைப் பிள்ளையார் அப்படியே இருந்தார். அவர் மடியில் எவனோ மிட்டாய்க் காகிதத்தைச் செருகியிருந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, “சாமியவாச்சும் எடுத்துட்டு வந்துருங்க” என்றாள்.

மயில்சாமி கை நீட்டினார்.

“வண்டியில் உள்ள பொருள்களைப் பயணிகள் எடுக்கக் கூடாது” என்றது கார்.

“இது என்ற சொந்த வண்டி!”

“காத்திருப்புக் கட்டணம் தொடங்குகிறது.”

கோகிலா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “உட்டுட்டு வாங்க. கடன் தீர்ற வரைக்கும் பிள்ளையாரும் ஓடட்டும்.”