சிங்கப்பூர் மசாஜ் மெஷின்

தட்டாஞ்சாவடி சர்வீஸ் சென்டருக்குள் புருஷோத்தமன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சீக்கிரம் வாங்கம்மா! கால் மசாஜ் மெஷின் என் மாமியார் ரெண்டு காலையும் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. அப்படியே ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்துட்டேன்."

மெக்கானிக் நிர்மலா வெளியே ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இது சிங்கப்பூர்ல விக்கிறதுக்குன்னு செஞ்ச மெஷின் சார். எங்க கம்பெனி வாரண்டி இங்க செல்லாது."

"அதுக்கு? ஆயுசு முழுக்க அதை மாட்டிக்கிட்டே நடக்கச் சொல்றீங்களா?"

"பாவம், நானே கழட்டி விடுறேன். ஆனா இங்க வாரண்டி உண்டுன்னு பொய் சொல்லி வித்ததா உங்க மாமியார் சொன்னாங்க. அந்தக் கடைக்காரனைச் சும்மா விடாதீங்க. நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போடுங்க."

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா."

"நீங்க ஏன் சார் பயப்படுறீங்க? உங்க மாமியாரைப் பாருங்க, எவ்ளோ தைரியம்! கால் வெளிய வந்ததும் முதல் உதை வித்தவனுக்குத்தான்னு சொல்றாங்க."

நிர்மலா ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பினாள். புருஷோத்தமன் குறுக்கே வந்து நின்றார்.

"கழட்டுங்கம்மா, வேணாங்கல. ஆனா நான் அந்தத் தெருமுனையைத் தாண்டினதும் கழட்டுங்க. வித்தது என் கடையிலதான்."