மழைக்குத் தாங்கும் ரகம்

"மூணு தொட்டி வைக்கிறேன். தடிஞ்சு விளக்கு ஏத்துறதுக்குள்ள அதுல ஒண்ணு செத்தாலும் நானே முதல் ஆளா கப்பல் ஏறுறேன். போதுமா?"

ஏசுரத்தினம் இப்படிச் சவால் விட்டது மனைவி அமலியிடம்தான். தடிஞ்சு என்பது மழைக்காலம் முடிகையில் பர்மாவில் வருகிற விளக்குத் திருநாள். அவர் குமாஸ்தாவாக இருந்த கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. தாகேதாவில் அவர்கள் தெருவில் பாதி வீடு காலி. போனவர்கள் எல்லாரும் மதராஸ் கப்பலில் போனார்கள். தூத்துக்குடியில் என் அண்ணன் இருக்கிறார், இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று அமலி காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தாள். டிரங்குப் பெட்டியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாள். மனிதர் மூன்று மாதமும் நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவரைக் கிளப்பிவிட்டது ஒரே ஒரு பேச்சு. ஊருக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் விட்டுப்போன ஜெரேனியம் முதல் மழைக்கே அழுகிக் கிடந்தது. அமலி அதைக் காட்டினாள்.

"மலைச்செடி இந்த ஊர் மழையில நிக்காதுங்க. வேலை போன நாமளும் நிக்க மாட்டோம்."

சுருக்கென்று தைத்தது. சவால் விட்ட கையோடு லோஞ்சிக் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கபீரின் செடிக்கடைக்கு நடந்தார்.

கபீருக்குச் செடிகள் மேமியோ மலையிலிருந்து ரயிலில் வரும். படர்கிற ரகம், ரோஜா வாசம் அடிக்கிற ரகம், அடுக்குப் பூ ரகம் என்று வரிசையாகக் காட்டினார். ஏசுரத்தினம் லேசில் மசியவில்லை. அடுக்குப் பூ தண்ணீரைத் தேக்கி அழுகும், வேண்டாம். படர்கிறதற்குத் தண்டு மெலிவு, அதுவும் வேண்டாம். கடைசியில் தண்டு தடித்து, இலையில் வளையம் போட்ட ஒற்றைச் சிவப்பில் மூன்றைப் பொறுக்கினார். எதுவானாலும் மழைக்குத் தாங்காது சார் என்று கபீர் இழுத்தார்.

"தாங்கும் பாய். தாங்கித்தான் ஆகணும்."

த்வாண்டே ஊர் மண்தொட்டிகளில் மணலும் செங்கல் தூளும் கலந்து நட்டார். அந்த வருஷம் மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. தெருவில் வேறு யார் வீட்டிலும் ஒரு ஜெரேனியம் மிஞ்சவில்லை. அவர் வாசலில் மூன்றும் பூத்து நின்றன. சில புதன்கிழமைகளில் மட்டும் இலைகள் கொஞ்சம் சிறுத்துத் தெரிந்தன. கவாத்துக்குப் பிறகு இலை அப்படித்தான் வரும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

மனிதர் ஆளே மாறிப்போனார். முன்னறையில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் ஆரம்பித்தார். அந்நியர் பதிவு அலுவலகத்தில், எப்போது ஊருக்குப் போகிறீர் என்று அதிகாரி கேட்டதற்கு, இதுதான் என் ஊர் என்று பர்மியிலேயே சொல்லி, சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்தார்.

அமலி விடவில்லை. அண்ணனின் கடிதங்களைச் சத்தமாகவே படித்தாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் கூடையை எடுத்துக்கொண்டு அந்தோனியார் கோயில் நவநாளுக்குப் போனாள்.

"என் செடி சாகணும்னுதானே வேண்டிக்கிறே? நல்லா வேண்டிக்கோ. அந்தோனியாரே வந்தாலும் அது சாகாது" என்று அவர் வம்புக்கு இழுப்பார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விடுவாள்.

தடிஞ்சு வந்தது. தெருவெல்லாம் விளக்கு ஏற்றினார்கள். மூன்று தொட்டியிலும் பூ. அமலி டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றச் சொன்னாள்.

மறுநாள் காலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கபீரிடம் போனார் ஏசுரத்தினம். அதே ரகத்தில் இன்னும் ஆறு வேண்டும், வேலி நெடுக வைக்கப் போகிறேன், தாங்காது என்று சொன்னீரே என்று ஒரு பிடி பிடித்தார்.

கபீர் பூவாளியைக் கீழே வைத்தார்.

"உங்ககிட்ட மறைக்க மனசு வரலை சார். நீங்க வாங்கின மூணும் ரெண்டாவது வாரமே அழுகிப்போச்சு. அம்மாதான் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து, மழை படாம என் கொட்டகையில இருக்கிற செடியைக் கூடையில வச்சு எடுத்துட்டுப் போவாங்க. நீங்க டியூஷன்ல இருக்கறப்ப மாத்தி வச்சிடுவாங்களாம்."

ஏசுரத்தினத்துக்கு நம்ப முடியவில்லை.

"கப்பல் ஏறணும்னு ஒத்தக்கால்ல நின்னவளே அவதானே, பாய்?"

"நானும் அதைத்தான் கேட்டேன் சார். 'இதுலயும் அவர் தோத்துட்டா, கப்பல்ல என்கூட வர்றது வெறும் உடம்புதான், கபீர் பாய்'னாங்க."