காப்பி ஆகாது

காப்பி அவள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

பெண் கொண்டுவந்து வைத்த காப்பி. மகனுக்காக அவள் பார்க்க வந்த ஆறாவது பெண். பெயர் செண்பகா. வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள்.

மற்றவர்கள் குடித்தாயிற்று. மகன் கடைசிச் சொட்டுவரை குடித்திருந்தான். முப்பத்து நான்கு வயதில் அவன் முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. செண்பகாவும் அவனை இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பெற்றவள் அதையும் கவனித்திருந்தாள்.

"மதினி, காப்பி ஆறுது" என்றாள் பெண்ணின் அம்மா.

"இருக்கட்டும்."

இரண்டாம் தடவை சொன்னபோதும் இருக்கட்டும்தான்.

பாழாய்ப்போன காப்பி. இரண்டு மடக்கு உள்ளே போனால் போதும். சாயங்காலத்துக்குள் மூத்திரப்பை மிளகாய் அரைத்த அம்மியாகிவிடும். அப்புறம் மூன்று நாள் எரிச்சல்.

கிருமி இல்லை, கல் இல்லை. "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா" என்று எத்தனை டாக்டர்கள் சொல்லியிருப்பார்கள்! தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும். கடைசியாகப் பார்த்த டாக்டரம்மாதான் அதற்கு ஒரு பெயர் சொன்னாள். முழுசாகப் போகாது, பழக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

பழக்கினாள். ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தாள். புளி போயிற்று. தக்காளி போயிற்று. எலுமிச்சை, மிளகாய். காப்பியை விட்டபோது மட்டும் அழுதாள். காலையும் மாலையும் மல்லாந்து படுத்து, அடிவயிறு தளரும்படி மூச்சு விட்டாள். வெந்நீர்ப் பை. அரை மணி நடை. மூத்திரம் முட்டும்போது உடனே ஓடாமல், முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து என்று பொறுத்துப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் வலி அவள் சொல்லுக்குப் பாதி கட்டுப்பட்டது.

வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. "இதெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டு இருக்காத" என்று கணவர் சொல்லிவைத்திருந்தார்.

ஆனால் பெண் வீட்டுக் காப்பியைத் தொடாமல் எழுந்தால், பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வாயால் வேறு சொல்ல வேண்டுமா?

பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்தார். செண்பகா தரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். மகனுக்கு எல்லாம் தெரியும். "குடித்துவிடு அம்மா" என்று அவன் கண்கூடக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

டம்ளரை எடுத்தாள். மூன்று நாள்தானே. பெற்றவளுக்கு மூன்று நாள் பெரிதா?

வாய்வரை போன கை நின்றது.

இன்றைக்குக் குடித்தால் நிச்சயத்துக்கும் குடிக்க வேண்டும். தலைதீபாவளிக்கும் குடிக்க வேண்டும். சம்பந்தி வீடு என்ன ஒருநாள் கூத்தா?

கீழே வைத்தாள்.

"எனக்கு மூத்திரப்பையில வலி இருக்கு மதினி. நாலு வருஷமா. காப்பி ஆகாது."

ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருந்த கூடம். கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நல்ல நிம்மதியாக இருந்தது.

செண்பகா மட்டும் நிமிரவே இல்லை. சாக்கு என்று நினைத்துவிட்டாள் போல. இதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிவிட்டுத்தானே போயிருப்பார்கள்.

காப்பியோடு சரி; சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. சோறு தின்றால் சம்மதம். தின்ற பிறகு பேச்சு மாறக் கூடாது. அதனால்தான் மணி பன்னிரண்டைத் தாண்டியும் சாப்பாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 'கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்' என்று கணவர் வீட்டிலிருந்தே வசனத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

அவள் செண்பகாவைப் பார்த்தாள்.

"புளியும் காரமும் இல்லாம பருப்புஞ்சோறு இருக்காம்மா? ரெண்டு கரண்டி போடு. பசிக்குது."

கணவர் சடக்கென்று திரும்பினார்.

கை கழுவத் தண்ணீர் மோந்துகொண்டு வந்த பெண்ணின் அம்மா பாதியைத் தன் புடவையிலேயே கொட்டிக்கொண்டாள்.

செண்பகா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"நெய் ஆகுமா, அத்தை?"