ஒட்டிக்கொண்ட மருந்து

"அந்தப் பேப்பரை அனுப்பாதீங்க மேடம்!"

கவரில் பசை தடவிக்கொண்டிருந்த பேராசிரியை ராதாமணி நிமிர்ந்து பார்த்தார். வாசலில் அவருடைய ஆராய்ச்சி மாணவி முத்துமீனா மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

"என்னம்மா இது, கிளம்புற நேரத்துல? மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் தல்லாகுளம் போஸ்டாபீஸ்ல இன்னிக்கே சேர்க்க முடியும்."

"வேணாம் மேடம். போயிருச்சுன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் பதினைந்து வருடமாக ராதாமணி சொல்லிவருவது ஒன்றே ஒன்றுதான். ஹைட்ரஜனில் சாதாவும் உண்டு, கனத்ததும் உண்டு. ஒரு மருந்திலிருக்கும் சாதா ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் கனத்ததை வைத்தால், அந்த மருந்து, செல்லில் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் போய் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மாநாட்டுக்கு மாநாடு சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

இப்போதுதான் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை, இன்னும் ஒரே ஒரு சோதனை செய்து அனுப்பினால் வெளியிடுவதாக எழுதியிருந்தது. மார்ச்சில் அவருக்கு ஓய்வு. இது வராவிட்டால் பதினைந்து வருட உழைப்பும் பீரோவுக்குள் கிடந்து மக்கிப்போகும்.

கடைசிச் சோதனையை முத்துமீனாதான் செய்தாள். பன்னிரண்டு குழாயில் சாதா மருந்து, பன்னிரண்டில் கனத்த மருந்து. எவ்வளவு ஒட்டியது என்று மிஷின் எண்ணித் தந்த தாளை வழக்கம்போல ராதாமணி எடுத்துக்கொண்டார். சரியாகக் கழுவாதது, கை நடுங்கி ஊற்றியது என்று கெட்ட குழாய்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்துக் கழித்தார். எண்ணைப் பார்த்ததுமே எது கெட்டது என்று சொல்லிவிடுவார். துறையில் அவர் கண்ணுக்கு அப்படி ஒரு பெயர். மீதிக்குச் சராசரி போட்டுப் பார்த்தால், கனத்த மருந்து இருபத்தொரு சதவீதம் அதிகமாக ஒட்டியிருந்தது! அன்று துறைக்கே அல்வா வாங்கிக் கொடுத்தார்.

"வீட்ல கல்யாணம் பேசிட்டாங்களா?" என்று கேட்டார் ராதாமணி.

"அதெல்லாம் இல்ல மேடம்."

"பேப்பர்ல உன் பேரு ரெண்டாவதா இருக்கேன்னு வருத்தமா? சொல்லு, உன் பேரையே முதல்ல போட்டுடறேன். இன்னும் கவரை ஒட்டலை."

முத்துமீனா அழ ஆரம்பித்துவிட்டாள். எழுமலையில் கூலி வேலைக்குப் போய்த் தன்னைப் படிக்கவைத்த அப்பா பேச்சிமுத்துவின் முகம்தான் அவள் கண்ணுக்குள் நின்றிருக்க வேண்டும்.

"என் பேரே வேணாம் மேடம். பட்டமும் வேணாம். ஆயுத பூஜைக்கு மொத நாளு லேபைக் கழுவி விட்டோம்ல, அன்னைக்கு ஃபிரிட்ஜைத் தொடைக்கிறப்ப கனத்த மருந்து இருந்த குப்பி கை தவறி சிங்க்ல விழுந்து ஒடைஞ்சு போச்சு."

ராதாமணிக்குத் திக்கென்றது. அந்த மருந்து பம்பாயிலிருந்து வரவே ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆனால் சோதனை நடந்தது ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் கழித்து.

"அப்ப அந்தப் பன்னிரண்டு குழாய்ல என்னத்த ஊத்துனே?"

"சாதா மருந்தத்தான் மேடம். இருபத்திநாலுலயும் அதான். வேற குப்பியில ஊத்திக் கனம்னு சீட்டு ஒட்டிட்டேன். ரெண்டும் ஒண்ணுபோல வரும், நீங்களே கண்டுபிடிச்சுத் திட்டுவீங்க, அப்ப உண்மையச் சொல்லிறலாம்னு இருந்தேன். நீங்க அல்வா குடுக்கவும் வாய் வரல."

கோபம் வந்தால் ராதாமணிக்கு வீட்டில் பேசும் சௌராஷ்டிரம்தான் முதலில் வாயில் வரும். அன்று தமிழே வந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பாவி! என்னை இப்படி மோசம் பண்ணிட்டியே! உன்னை என் சொந்தப் பொண்ணா நினைச்சேன். எண்ணையும் நீயே மாத்தி எழுதிட்டியா?"

"சத்தியமா இல்ல மேடம். ஒரு எண்ணையும் தொடல. மிஷின் தாளை அப்படியே கிழிச்சு உங்க கையில குடுத்தேன்."

"பொய் சொல்லாதே! ரெண்டும் ஒரே மருந்துன்னா இருபத்தொரு சதவீதம் எங்கேயிருந்து வந்துச்சு?"

முத்துமீனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"மிஷின் குடுத்தப்ப ரெண்டு பக்கமும் சராசரி ஒண்ணுதான் மேடம். நீங்க சாதாவுல கூடுதலா இருந்ததையும், கனம்னு எழுதுனதுல கொறைய இருந்ததையும் கெட்ட குழாய்னு அடிச்ச பெறகுதான் வந்துச்சு."