சிவப்புக் கோடு

"கீழ்சாதிக்காரன் உள்ள வரக் கூடாது. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியறாப்பல ஆளை வரைஞ்சு, குறுக்கே செவப்புக் கோடு போடு," என்றார் பீளமேடு காப்பி கிளப் முதலாளி நஞ்சுண்டன்.

"ஆளு எப்படி இருக்கோணுங்க?" வாசலுக்கு வெளியே நின்றே கேட்டான் பலகை எழுதும் மாசாணம்.

"கோவணம், வெறும் ஒடம்பு, தோள்ல மம்முட்டி."

மறுநாள் பலகை தொங்கியது. தோட்டத்திலிருந்து நேரே காப்பி குடிக்க வந்த நஞ்சுண்டனின் தந்தை, கோவணமும் தோளில் மண்வெட்டியுமாக அதன் முன் நின்றுவிட்டார்.

"ஏன்டா, நான் வரக் கூடாதுன்னா வாயில சொல்றதுதானே?"

நஞ்சுண்டன் மாசாணத்தின் மேல் பாய்ந்தார். "எங்கய்யனுக்கும் உங்காளுகளுக்கும் வித்தியாசம் தெரியாதாடா?"

மாசாணம் தூரிகையை நீட்டினான்.

"நானும் தேடிப் பாத்தனுங்க, ஒண்ணும் அகப்படலீங்க. எந்த எடத்துலன்னு நீங்களே வரைஞ்சு காட்டுங்க."