பெயின்ட்டுக்கு அடியில் எட்டு எண்கள்

பழைய காரின் பானட் திறந்திருக்கிறது. உள்ளே, மாற்றிப் பொருத்திய எஞ்சின் பச்சைப் பெயின்ட்டில் பளபளக்கிறது. "இவ்வளவு பவுடர் பூசினா மூஞ்சி எப்படித் தெரியும்? நம்பர் எங்கேம்மா?" என்கிறார் வாகன ஆய்வாளர். எஞ்சினில் பொறித்த எண் தெரியாவிட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் வண்டி தெருவில் இறங்காது. மெக்கானிக் அக்கா நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். ஆசை ஆசையாக இரண்டு கோட்டிங் அடித்தது அவளேதான். உப்புத்தாளை மடித்து, இடுக்கில் கையை நுழைத்துத் தேய்க்கிறாள். முழங்கை சிராய்க்கிறது, பச்சைத் தூள் உதிர்கிறது. "நாளைக்கு வாங்களேன்" என்கிறார் ஆய்வாளர். "எட்டுல ஆறு வந்தாச்சு சார், நாளைக்கு எதுக்கு?" மிச்ச இரண்டும் வெளியே வருகின்றன. ஆய்வாளர் டார்ச் அடித்துக் குனிகிறார். அவர் படிவத்தோடு ஒப்பிட்டு வாசிப்பதற்குள் அவளே மனப்பாடமாகச் சொல்லி முடிக்கிறாள். படிவத்தின் மேல் முத்திரை சத்தமாக விழுகிறது.