ஒரு நரைகூட இல்லை

அந்த நாட்டில் தேர்தலில் வென்றவர்தான் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிப்பார். "யார் வந்தா நமக்கென்ன" என்று மரகதவல்லி ஓட்டுப் போடப் போகவில்லை. தெருக்காரர்கள் நச்சரிக்கக் கூடாதென்று விரலில் பேனா மையைத் தீற்றிக்கொண்டாள். மாலை பாத்திரம் தேய்த்ததிலேயே அது போய்விட்டது.

மறுவருடம், சிறையிலிருந்த மகனின் மேல்முறையீட்டைப் புதிய நீதிபதி ஒரே வரியில் தள்ளுபடி செய்தார்.

"அடுத்த எலெக்‌ஷன்ல இவர் மாறிடுவாரா சார்?" என்று வக்கீலிடம் கேட்டாள்.

"ஆட்சிதாம்மா மாறும். சாகுற வரைக்கும் இவர் இங்கதான்."

வக்கீலும் போய்விட்டார். காலியான நீதிமன்றக் கூடத்தில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அந்த நீதிபதியின் தலையில் ஒரு நரைகூட இல்லை. சுட்டுவிரலை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.